கண் திறக்காத ஜூபிடர்

என் வீட்டுக்காரர் பழனி எந்தச் சாமியையும் கண் திறக்காமல் கடைப்படி இறக்க மாட்டார். சாமி என்றால் பெரிய கவசமும் திருமுகமும் மட்டுமில்லை, சாவிக்கொத்தில் தொங்குகிற பிள்ளையாரும் அவருக்குச் சாமிதான். அய்யனார் ஏறி வருகிற குதிரைக்கும் கண் திறப்பார். ஒரு தடவை கட்சிக்காரர் ஒருவர் தன் தலைவர் முகத்தை வெள்ளித் தகட்டில் அடித்துத் தரச் சொன்னார். இவர் அதற்கும் கற்பூரம் காட்டினார். "அவரு சாமியா?" என்று கேட்டேன். "நமக்கு இன்னாத்துக்குமா வம்பு, காட்டிட்டா போச்சு" என்றார்.

சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போகிற வழியில், ஒரு பட்டுச் சேலைக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் எங்கள் கடை. நேர்த்திக்கடன் தகடு செய்து விற்கிறோம். கால் வலி தீர்ந்தவர்களுக்கு வெள்ளிக் கால், கை சரியானவர்களுக்குக் கை, கண்ணுக்குக் கண்மலர், பிள்ளை வரம் கேட்பவர்களுக்குத் தொட்டில். பித்தளைக் கட்டியில் உருவத்தைப் பள்ளமாகச் செதுக்கினால் அதுதான் அச்சு. அதன்மேல் மெல்லிய வெள்ளித் தகட்டை வைத்து பிரஸ்ஸில் அழுத்தினால், பள்ளத்தில் இருப்பது தகட்டில் மேடாக எழும்பி வரும். செதுக்குவது அவர். பிரஸ், வியாபாரம், வாய்ச்சண்டை மூன்றும் நான்.

இது எங்கள் பரம்பரைத் தொழில் இல்லை. என் மாமனார் தென்னேரி ஏரிக்குக் கீழே அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர். இவர் பதினாறு வயதில் ஒரு வெள்ளிப் பட்டறையில் கூட்டிப் பெருக்கப் போய், பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். அப்படிக் கற்றுக்கொண்டவருக்கு விதிகளிடம் பயம் அதிகம். முகம் முழுக்கச் செதுக்கி முடித்த பிறகு, குளித்துவிட்டு வந்து உட்காருவார். நான் எதிரே கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சிற்றுளியால் இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு தட்டு. சாமி முதலில் தன் முகத்தைத்தான் பார்க்க வேண்டுமாம்.

பதினோரு வருடத்துக்கு முன் ஒரே ஒரு தடவை இது தவறியது. ஓரிக்கையிலிருந்து அம்மன் திருமுகம் கேட்டிருந்தவர்கள், தீமிதி அன்றைக்குக் காலையிலேயே வண்டியோடு வந்து நின்றார்கள். "கண்ண பூசாரி தொறந்துக்குவாரு, குடுய்யா" என்று அவசரப்படுத்தி வாங்கிப் போய்விட்டார்கள். நாலாம் நாள், என் வயிற்றில் ஏழு மாதமாக இருந்த குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறந்துபோனது. பெண் குழந்தை. டாக்டரம்மா ரத்தக் கொதிப்பு என்று சொன்னார், எழுதியும் கொடுத்தார். இவர் அந்தக் காகிதத்தை மடித்து வைத்தாரே தவிர நம்பவில்லை. நம்பவில்லை என்று வாயைத் திறந்து சொல்லவும் இல்லை. அதற்குப் பிறகு எங்களுக்குக் குழந்தை இல்லை. நான் சாவிக்கொத்துப் பிள்ளையாருக்கெல்லாம் கண்ணாடி பிடிக்க ஆரம்பித்தது அப்போதிலிருந்துதான்.

இந்த ஆடி மாதம் முடிந்து கூட்டம் ஓய்ந்த ஒரு காலையில் ஜெபகுமார் சார் வந்தார். வெள்ளைக் கோலால் எங்கள் படியைத் தட்டி, "தகடு அடிக்கிற கடை இதானே? பிரஸ் சத்தம் கேட்டுது" என்றார். கடை ஷட்டர் பாதிதான் ஏறும்.

"மேல பாருங்க சார், இடிக்..." என்று ஆரம்பித்த என் வீட்டுக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பாத்துட்டேன்" என்று சொல்லி, சார் அழகாகத் தலையைக் குனிந்து உள்ளே வந்தார். எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது.

வாலாஜாபாத் பக்கம் பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் அவர் சரித்திர ஆசிரியர். பையிலிருந்து பஞ்சு சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். பிளாஸ்டர் வில்லை ஒன்று, ஒரு ரூபாய்க் காசைவிடச் சின்னது.

"இது ரோமாபுரி வெள்ளிக் காசோட நகல். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி புழங்கினது. அந்தக் காலத்துல மிளகு வாங்க நம்ம பக்கம் கப்பல் வந்துதுல்ல, அவங்க ஊருக் காசு. கோயம்புத்தூர் பக்கமெல்லாம் ரோமாபுரிக் காசு நிறைய கெடைச்சிருக்கு. இந்தக் காசை ஒரு மியூசியத்துல தொட்டேன். அங்க இருந்த அதிகாரி நல்ல மனுஷன். கையைக் கழுவிட்டு அஞ்சு நிமிஷம் தொட்டுக்கோங்கன்னாரு. அப்புறம் இந்த நகலையும் எடுத்துக் குடுத்தாரு."

"இதுல இன்னா சார் இருக்குது?"

"ஒரு பக்கம் ராஜா தலை. மறுபக்கம் கோயில். உள்ள ஜூபிடர்னு அவங்க சாமி உக்காந்திருக்காரு. ஒரு கையில கோல், ஒரு கையில இடி."

"இடியா? அப்ப நம்ம இந்திரன்பா" என்றார் இவர், சொந்தக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்த மாதிரி.

சாருக்கு வேண்டியது இதுதான். கோயில் பக்கத்தை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கி வெள்ளித் தகட்டில் முப்பத்திரண்டு. பள்ளியில் கண்காட்சி வைக்கிறார்கள். எல்லாமே தொட்டுப் பார்க்கிற பொருள்கள். "எங்க பசங்க புத்தகத்துல இந்தக் காசு வர்ற எடத்துல 'படம்'னு மட்டும் புள்ளி எழுத்துல இருக்கும். பசங்க அந்த ஒரு வார்த்தையைத் தொட்டுட்டு அடுத்த வரிக்குப் போயிடுவாங்க. இந்தத் தடவை நெஜக் காசு எப்படியோ அப்படியே தொடுவீங்கன்னு சொல்லிட்டேன்."

எழுந்து போகும்போது ஒரு நிபந்தனையும் சொன்னார். "காசுல என்ன இருக்கோ அதுதான் வேணும். தேஞ்சிருந்தா தேஞ்ச மாதிரியே. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்."

என் வீட்டுக்காரர் அந்த வேலையில் அப்படியே விழுந்துவிட்டார். பூதக்கண்ணாடியை விட்டு முகத்தை எடுக்கவில்லை. "மேல சட்டயே போடல பாரு, நம்ம ஆளுதான்" என்று ஜூபிடரைக் கொஞ்சிக்கொண்டே செதுக்கினார். காசின் ஒரு பக்கத்தில் ராஜாவுக்குக் கண், மூக்கு, தாடை எல்லாம் தெளிவாக இருந்தது. மறுபக்கத்தில் சாமிக்குத்தான் எல்லாம் தேய்ந்துபோய், முகம் இருக்க வேண்டிய இடத்தில் கடுகு மாதிரி ஒரு மேடு. பன்னிரண்டாம் நாள் காலை இவர் தலைக்குக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

"சாரு எதையும் கூட்டாதன்னு சொன்னாருயா."

"கண்ணு கூட்டுறது இல்லமா. அது இருந்ததுதான். கண்ணாடிய எடுத்துக்கினு வா."

கொண்டுவந்து பிடித்தேன். இதில் எனக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்க முடியாது. முதல் தகட்டை அழுத்தி எடுத்தபோது ஜூபிடர் எங்களை முழித்துப் பார்த்தார். உண்மையைச் சொன்னால், பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மீதியை அழுத்துவதற்கு முன் சார் வந்து சரிபார்ப்பதாகப் பேச்சு. சொன்ன நாளில் வந்தார். தகட்டை மடியில் வைத்து விரல் நுனியால் மேலிருந்து படிக்க ஆரம்பித்தார். கூரையின் முக்கோணத்தைத் தொட்டதும் முகம் மலர்ந்தது. "அப்படியே இருக்கு பழனி, அப்படியே இருக்கு" என்றார். விரல் இறங்கி, சாமி முகத்துக்கு வந்து, நின்றுவிட்டது.

"இது என்ன?"

"கண்ணு சார்."

"காசுல இல்லியே."

"தேஞ்சி போயிருக்குது சார். செஞ்சவன் வெக்காமயா இருந்திருப்பான்?"

"வெச்சிருப்பான். ஆனா இப்ப இல்ல."

"கண்ணு இல்லாத சாமிய நான் எப்பிடி சார் வெளிய அனுப்புறது? குடும்பத்துக்கு ஆவாது சார். கண்ணு இல்லாம இருக்கிறது..."

அங்கேயே நிறுத்திவிட்டார். யாரிடம் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. பக்கத்துக் கடை ஜெராக்ஸ் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"முடிங்க பழனி" என்றார் சார். "கண்ணு இல்லாம இருக்கிறது என்ன?"

"மன்னிச்சிக்குங்க சார். வாய் தவறிடுச்சி."

"அதை விடுங்க, கேட்டுப் பழகிட்டேன். நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. கண்ணு தெரியிற பையனுக்கு நீங்க தப்பா ஒண்ணு செஞ்சி குடுத்தா, அவன் போன்ல படத்தைத் தேடிப் பாத்துட்டு, இது தப்புன்னு சொல்லிடுவான். என் பசங்களுக்கு அந்த வழி இல்ல. நான் கையில குடுக்கறதுதான் அவங்களுக்குக் காசு. இதுக்குக் கண்ணு இருக்குன்னு இன்னிக்கு நெனச்சா, சாகிற வரைக்கும் அப்படித்தான் நெனைப்பாங்க. ஊரே அவங்களுக்கு எதையாவது கூட்டித்தான் சொல்லுது. பாவமாச்சேன்னு அழகழகா கூட்டிச் சொல்லுது. நானும் அதைச் செய்யக் கூடாது." கையால் தடவி மேசையைத் தேடி, தகட்டை அதன்மேல் வைத்தார். "இப்படித்தான்னா எனக்கு வேணாம். கெடைக்கலன்னு பசங்ககிட்ட சொல்லிடறேன்."

அச்சில் விழுந்த பள்ளத்தை அடைக்க முடியாது. தகட்டில் எழும்பிய கண்ணைச் சுரண்டி எடுக்கலாம். ஒரு சாமியின் கண்ணை உளியால் சுரண்டுவது! இவர் முகத்தைப் பார்த்தே அது நடக்காது என்று தெரிந்தது. மிச்சமிருக்கிற ஒரே வழி, முதலிலிருந்து புது அச்சு. இவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போது நான் சொல்லிவிட்டேன். ஓரிக்கைத் திருமுகம், நாலாம் நாள், என் குழந்தை, எல்லாவற்றையும். ஏன் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. இந்த மனுஷர் வீம்புக்குச் செய்கிறார் என்று சார் நினைத்துவிடக் கூடாதே என்றுதான் இருக்கும். பாதியிலேயே இவர் எழுந்து தெருவுக்குப் போய்விட்டார்.

சார் என் பக்கம் திரும்பி, "டாக்டர் சொன்னதை நீங்க நம்புனீங்களாம்மா?" என்று கேட்டார்.

"நம்புனேன் சார்."

"அப்ப இத்தனை வருஷமா ரெண்டு பேரும் வேற வேற எடத்துல இருந்திருக்கீங்க." கோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அவரைக் கட்டாயப்படுத்தாதீங்கம்மா. பயம்னு வந்துட்டா அது நெஜம்தான்."

அவர் போனபின் நான்தான் கட்டாயப்படுத்தினேன். கட்டாயம் என்ன, சண்டையே போட்டேன். "உன் உளிக்கும் என் வயித்துக்கும் இன்னாயா சம்பந்தம்? என் ரத்தம் கொதிச்சுது, என் கொழந்த போச்சு. அத்தக்கூட நீ செஞ்சதுன்னு எடுத்துக்கினியே! எனக்குன்னு அந்தத் துக்கத்தக்கூட விட்டு வெக்கலியே நீ!" என்று கத்தினேன். ஜெராக்ஸ் கடைக்காரர் மெஷினையே நிறுத்திவிட்டார். இவர் இரண்டு நாள் கண்மலருக்கு மட்டும் அச்சைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் காலை நான் கடை திறக்க வந்தபோது, பிடிப்பானில் புதிய பித்தளைக் கட்டி ஒன்று ஏறியிருந்தது. அதன்மேல் கூரையின் முக்கோணம் கீறப்பட்டிருந்தது. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி டீ வாங்கப் போய்விட்டேன்.

ஒன்பது நாளில் முடித்தார். கடைசி நாள் வழக்கம்போலக் குளித்துவிட்டு வந்தார். நான் பழக்கதோஷத்தில் கண்ணாடியை எடுத்தேன். "வேணாம். உள்ள வெச்சிடு" என்றார். பயறு அளவு முகப்பள்ளத்தைக் கரித்தூள் போட்டுக் குச்சியால் வழவழவென்று தேய்த்தார். குச்சியை எடுத்துவிட்டு விரலால் தடவிப் பார்த்து, மறுபடி தேய்த்தார். பிறகு எழுந்து, "அழுத்து" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். கற்பூரம் கொளுத்தவில்லை.

அந்த வாரம் முழுக்க நான் தும்மினால்கூட ஓடிவந்தார். மாத்திரை போட்டாயா என்று ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்டார். எனக்கு நாற்பத்தொரு வயது ஆகிறது, இனிமேல் சாமி நம்மிடமிருந்து எடுத்துப்போக என்ன இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். 'நீ இருக்கிறியே' என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து கேட்கவில்லை.

கண்காட்சி அன்றைக்கு, பெட்டியை நான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன். கேட்கவில்லை, தானும் வந்தார். வாலாஜாபாத் பஸ்ஸில் பெட்டியை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

பள்ளியின் கூடத்தில் நீள மேசைகள் போட்டிருந்தார்கள். சார் முதலில் பிளாஸ்டர் நகலைத் தொட்டு, பிறகு எங்கள் தகட்டைத் தொட்டார். முகத்தில் விரல் வந்தபோது கொஞ்சம் தங்கியது. "பழனி" என்றார். இவருடைய கையைத் தேடிப் பிடித்து அழுத்தினார்.

பிள்ளைகள் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். எங்களுக்கு நேர் எதிரே பொன்னி என்று ஒருத்தி, பன்னிரண்டு வயது இருக்கும், ரெட்டைச் சடை. விரல் எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம்.

"சார், கூரை... கீழ தூணு. ஒண்ணு, ரெண்டு... இங்க பெரிய சந்து இருக்குது. அப்புறமா இன்னும் ரெண்டு தூணு. நடுவுல தூணே இல்ல சார். ஒடஞ்சிடுச்சா?"

"ஒடையல. நெஜக் கோயில்ல நடுவுலயும் தூணு இருந்துச்சு. காசு செஞ்சவன் அதை எடுத்துட்டான். தூணு மறைச்சா உள்ள இருக்கிற சாமி தெரியாதுல்ல?"

இவர் என் காதருகே குனிந்து, "பாத்தியா, அவனும் மாத்தித்தான் வெச்சிருக்கான்" என்றார். அத்தனை நாள் கழித்து அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது.

பொன்னியின் ஆள்காட்டி விரல் அந்தச் சந்து வழியாக மெதுவாக உள்ளே நுழைந்தது. "நான் உள்ள பூந்துட்டேன்" என்றாள். பாதம், முட்டி, வயிறு என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக்கொண்டே மேலே ஏறினாள். "நம்ம கோயில்ல இவ்ளோ கிட்ட வுட மாட்டாங்க சார். எங்கம்மா கூட்டிக்கினு போவாங்க. பாரு பாரு, தீபாராதன காட்டுறாங்கன்னு சொல்லுவாங்க. நான் மணியக் கேட்டுக்கினு நிப்பேன்."

விரல் முகத்துக்கு வந்தது. வழவழப்பான மேட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. இவரால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. மேசைமேல் குனிந்து, போலீஸ் ஸ்டேஷனில் ஒப்புக்கொள்கிற ஆள் மாதிரி சொன்னார்.

"பாப்பா, அதுக்குக் கண்ணு இல்ல. நான்தான் செஞ்சேன். வெக்காம வுட்டுட்டேன்."

பொன்னி குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். "கண்ணு இல்லன்னா இன்னா அங்கிள்? நான் வந்தது அதுக்குத் தெரிஞ்சிருக்கும். யாரு வந்தாலும் எனக்குத் தெரியுதுல்ல" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, "அடுத்து இன்னா சார்?" என்று கையை நீட்டினாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் இவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். தென்னேரிப் பக்கம் பிரிகிற சாலையைத் தாண்டியதும் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சுகா, ஓரிக்க மொகத்துக்கும் நம்ம கொழந்தைக்கும் ஒண்ணும் இல்லல்ல?"

"இல்லயா."

"ரத்தக் கொதிப்புதான்."

"ஆமா."

தலையை ஆட்டினார். ஒரு தடவை ஆட்டியவர் நிறுத்தவில்லை, ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அழுதார். பதினோரு வருடமாக இந்த மனிதர் பயந்துகொண்டுதான் இருந்தார், அழவே இல்லை. ஆஸ்பத்திரியிலும் அழவில்லை, புதைத்துவிட்டு வந்த அன்றைக்கும் அழவில்லை. அழுவதற்குத் தனக்கு யோக்கியதை இல்லை என்று நினைத்திருக்கிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் அவர் தோளில் கை போட்டுக்கொண்டேன். கண்டக்டர் எங்கள் சீட்டருகே வந்தவர், எங்களைப் பார்த்துவிட்டு முன்னால் போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பேரு எதுனா நெனச்சி வெச்சிருந்தியா?" என்று கேட்டார்.

"சத்யப்ரியா" என்றேன். அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.